பள்ளி கட்டும் இடத்தில் ஈரநிலம்: தாக்க அறிக்கையைப் புதியவர் ஆய்வு செய்வது எப்படி

பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள் என்றால் யாரும் குறுக்கே நிற்க விரும்புவதில்லை. குவாரிக்கும் ரசாயன ஆலைக்கும் கிளம்பும் எதிர்ப்பு இதற்குக் கிளம்பாது. அதனாலேயே பள்ளித் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் கேள்வி கேட்க ஆளில்லாமல் கடந்துபோகின்றன. பள்ளிக்கு வேண்டியதோ பெரிய மனை. வகுப்பறை, மைதானம், பேருந்து நிற்க இடம் எல்லாம் ஒரே துண்டில் அமைய வேண்டும். மேட்டு நிலமெல்லாம் முன்பே வீடுகளாகிவிட்ட பகுதியில், அப்படி ஒரே துண்டாக மிஞ்சிக் கிடப்பது பல நேரம் தாழ்வான, ஈரம் கோத்த நிலம்தான்.

அப்படியொரு அறிக்கை கைக்கு வந்து, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் பட்டம் தேவையில்லை. பெருக்கல் கணக்கும், வரைபடத்தை நிதானமாகப் பார்க்கும் பொறுமையும், காலில் சேறு ஒட்டினால் முகம் சுளிக்காத மனமும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கைகள் மனையின் வேலியோடு நின்றுவிடுகின்றன, தண்ணீர் வேலியைப் பார்ப்பதில்லை. மேலே மண்ணைக் கொட்டாமலே ஒரு ஈரநிலத்தைச் சாகடித்துவிடலாம். அதற்கு வந்து சேரும் தண்ணீரின் அளவையும் காலத்தையும் மாற்றினால் போதும். ஆகவே பறவைப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

படி 1: சுருக்கத்தை மூடிவைத்துவிட்டுப் பின்னிணைப்பைத் திறங்கள்

அறிக்கையின் முன்பக்கச் சுருக்கத்தில் ‘பாதிப்பு மிகக் குறைவு’ என்றுதான் இருக்கும். வேறு மாதிரி இருந்த சுருக்கத்தை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு வேண்டியவை பின்னால் இருக்கின்றன: மனை வரைபடம், நில உயர சர்வே, மண் பரிசோதனைக்காகப் போட்ட துளைகளின் பதிவு, மழைநீர் வடிகால் கணக்கு, ஈரநில எல்லை வரைபடம், செடி, உயிரினக் கள ஆய்வு, மாற்று இடங்கள் குறித்த அத்தியாயம். இவற்றில் எது இல்லையோ அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாத பின்னிணைப்பே பல நேரம் முதல் கண்டுபிடிப்பு.

வந்ததும் தேதிகளை ஒப்பிடுங்கள். கட்டட வரைபடம் நான்கு முறை திருத்தப்பட்டிருக்கும், தாக்க அறிக்கை இரண்டாவது திருத்தத்தை வைத்து எழுதப்பட்டிருக்கும். மைதானம் இருந்த இடத்துக்கு ஆடிட்டோரியம் வந்திருக்கும், அறிக்கையில் அது இன்னும் புல்தரையாகவே இருக்கும். மனையின் மொத்தப் பரப்பு எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லாக் கணக்கும் ஆட்டம் காணும்.

படி 2: தண்ணீரின் பாதையை நீங்களே வரையுங்கள்

நில உயர சர்வேயைப் பெரிய தாளில் அச்செடுத்து, ஒரு நீலப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வளைந்து வளைந்து செல்பவை கான்டூர் கோடுகள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை. தண்ணீர் எப்போதும் இந்தக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். கோடுகள் கூராக மடங்கி, அந்தக் கூர்முனை மேட்டுப் பக்கம் பார்த்தால் அங்கே ஓடை இருக்கிறது, அல்லது மழை பெய்தால் ஓடை உருவாகும். நெருக்கமான கோடுகள் சரிவு. விலகிய கோடுகள் சமதளம், தண்ணீர் தேங்கும் இடம்.

மேட்டிலிருந்து தொடங்கி அம்புக்குறி போட்டுக்கொண்டே வாருங்கள். மனையின் எல்லைக்கு வெளியிலும் போடுங்கள். எந்தெந்தத் தெருவின், எந்தச் சரிவின் தண்ணீர் இந்த ஈரநிலத்துக்கு வருகிறது? நிரம்பியபின் எந்தப் பக்கம் வழிகிறது? இந்த வரத்துப் பாதைக்கும் போக்குப் பாதைக்கும் குறுக்கே சுற்றுச்சுவர், சாலை, கட்டடம் ஏதாவது விழுகிறதா? பள்ளித் திட்டங்களில் சுற்றுச்சுவரைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக மனை முழுதும் சுவர் எழும்பும். தரைக்குமேல் வரும் மழைநீருக்கு அந்தச் சுவர் ஓர் அணை, தவளைக்கும் ஆமைக்கும் தாண்ட முடியாத எல்லை. ஆனால் வடிகால் கணக்கில் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

செயற்கைக்கோள் படங்களையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். கூகுள் எர்த் செயலியில் பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் போக முடியும். மழை முடிந்த மாதத்துப் படத்தையும் வறண்ட மாதத்துப் படத்தையும் அருகருகே வைத்தால், அறிக்கையில் ‘தரிசு’ என்று எழுதியிருக்கும் மூலையில் கருமையாக ஈரம் தெரியலாம்.

படி 3: ஈரநில எல்லையை எப்படிக் குறித்தார்கள்?

ஆய்வின் நடுப்புள்ளி இதுதான். எல்லை பத்து மீட்டர் உள்ளே தள்ளினால் பாதிப்பு பாதியாகத் தெரியும், வெளியே தள்ளினால் திட்டமே மாற வேண்டிவரும்.

கண்ணுக்குத் தண்ணீர் தெரிந்தால்தான் ஈரநிலம் என்பதில்லை. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இயற்கையானது, செயற்கையானது, நிரந்தரமானது, தற்காலிகமானது எல்லாவற்றையும் ஈரநிலத்துக்குள் சேர்க்கிறது. களத்தில் எல்லை குறிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று அடையாளங்களைத் தேடுவார்கள்: நீர், மண், செடி. அமெரிக்க ராணுவப் பொறியியல் பிரிவு 1987இல் வெளியிட்ட கையேடு இந்த முறையை வகுத்தது, அதன் சாயல் பல நாட்டு முறைகளில் உண்டு. அதற்குப் பின்வந்த வட்டாரத் துணைநூல்கள் நீருக்கு ஒரு அளவும் சொல்கின்றன. வளர்பருவத்தில் தொடர்ந்து 14 நாளோ அதற்கு மேலோ நிலத்தில் நீர் நிற்க வேண்டும், அல்லது நிலத்தடி நீர் மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பத்து ஆண்டில் ஐந்து ஆண்டாவது அப்படி நடக்க வேண்டும். வருடம் முழுக்கத் தளும்ப வேண்டிய அவசியமில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

மூன்றில் மண்ணைத்தான் நான் அதிகம் நம்புவேன். தண்ணீர் வற்றும், செடியை வெட்டிவிடலாம், மண் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நீரில் ஊறிக் கிடக்கும் மண்ணில் காற்று போய்விடும். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும். செம்மை கழுவிக்கொண்டு போக, மண் சாம்பல் நிறமாகும். முழங்கை ஆழத்துக்குத் தோண்டி ஒரு கட்டியை எடுத்து இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். சாம்பல் மண்ணுக்குள் மெல்லிய ஆரஞ்சுக் குழாய்கள்போல ஓடும். செடியின் வேர் கொண்டுவந்த கொஞ்சம் காற்றில் இரும்பு மறுபடி துருவாகி, வேர்த்துளையின் ஓரத்தில் படிந்த கோடுகள் அவை. சில மண்ணில் அழுகிய முட்டை நாற்றமும் வரும். அறிக்கையில் இது மன்செல் நிற அட்டவணையின் குறியீடாக இருக்கும், ‘10ஒய்ஆர் 4/1’ என்பதுபோல. கடைசி எண் நிறத்தின் அடர்த்தி. அது 2 அல்லது அதற்குக் கீழே இருந்து, கூடவே துருப்புள்ளிகளும் பதிவாகியிருந்தால் அந்த மண் நீண்டகாலம் ஊறிய மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லைக்கோட்டுக்கு ‘வெளியே’ என்று காட்டிய துளைகளில் இந்த எண்ணைத் தேடுங்கள். ஒன்றிரண்டு கிடைத்தால் அதைவிட வலுவான கேள்வி உங்களிடம் வேறு இருக்காது.

செடிக்கு வந்தால், சம்பு, கோரை, நாணல் போன்றவை கூட்டமாக நிற்கும் இடம் ஈரநிலத்தின் வெளிப்படையான முகவரி. மனை சமீபத்தில் உழப்பட்டோ சீர்செய்யப்பட்டோ இருந்தால் செடிச் சான்றுக்கு மதிப்புக் குறைவு, அதை அறிக்கை ஒப்புக்கொள்கிறதா பாருங்கள். கள ஆய்வு எந்த மாதத்தில், எத்தனை நாள் நடந்தது என்பதையும் கட்டாயம் பாருங்கள். மழைக்காலக் குட்டையை வறண்ட மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு ‘நீர்வாழ் உயிரினம் எதுவும் தென்படவில்லை’ என்று எழுதுவது பொய் இல்லை, ஆனால் அதனால் ஒன்றும் நிரூபணமாவதுமில்லை.

சட்டத்தில் ஈரநிலம் எது என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் சாக்கெட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தந்த தீர்ப்புக்குப் பின், ஆறுகளோடும் ஏரிகளோடும் தொடர்ச்சியான மேற்பரப்பு இணைப்பு உள்ள ஈரநிலங்களுக்குத்தான் கூட்டாட்சிப் பாதுகாப்பு. சில மாநிலங்களின் சொந்தச் சட்டம் அதைவிட அகலமானது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், நெல்வயலையும் பாசனத்துக்கோ குடிநீருக்கோ மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் வரையறைக்கு வெளியே வைத்துள்ளன. அங்கே 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முன் அனுமதி தேவை. அதிலிருந்து பள்ளி, கல்லூரிகளுக்கு விலக்கு தந்த குறிப்பை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஆகவே ‘இது சட்டப்படி ஈரநிலமா?’, ‘இது உண்மையில் ஈரநிலமா?’ என்று இரண்டு தனித்தனிக் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்ததும் அறிக்கை இரண்டாவதையும் சேர்த்து மூடிவிடப் பார்க்கும்.

படி 4: நேரில் போங்கள்

அனுமதியோடு உள்ளே போக முடிந்தால் நல்லது. இல்லையென்றால் பொதுச் சாலையிலிருந்து பார்க்கக்கூடியதே நிறைய. பெருமழை பெய்த மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் மழையில்லாதபின் ஒரு முறை என்று போங்கள். மரத்தின் அடியில் பழைய நீர்மட்டக் கறை, வேலிக் கம்பியில் சிக்கிய சருகு, வெடித்து உலர்ந்த சேறு இவையெல்லாம் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைக் காட்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் படமெடுங்கள். தேதியும் இடக்குறியும் பதிவாக வேண்டும். அழகான படம் தேவையில்லை, பின்னணியில் ஒரு மின்கம்பமோ சுவரோ நிலையான அடையாளமாக இருந்தால் போதும்.

படி 5: பெருக்கிப் பாருங்கள்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு விதியை வைத்தே பாதி அறிக்கையைச் சோதித்துவிடலாம்.

பள்ளியின் கூரை, சாலை, வாகனம் நிற்கும் தளம் எல்லாம் சேர்ந்து 1.5 ஹெக்டேர், அதாவது 15,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. மழை பெய்தால் அதன்மேல் விழுவது 7.5 லட்சம் லிட்டர். புல்லும் புதருமாக இருந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடியிருக்கும், 1.5 லட்சம். கான்கிரீட்டும் தாரும் ஆனபின் பத்தில் ஒன்பது பங்கு ஓடும், 6.75 லட்சம். கூடுதலாக வருவது 5.25 லட்சம் லிட்டர், அதுவும் ஒரே மழையில். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் நாற்பத்துநான்கு லாரி. ஓடும் பங்கு மண்ணையும் சரிவையும் பொறுத்து மாறும், அறிக்கை என்ன எண் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். ‘முன்’ நிலைக்கு உயர்ந்த எண்ணைப் போட்டு வித்தியாசத்தைக் குறைத்துக்காட்டுவது பழைய வித்தை.

‘தேக்கக் குளம் கட்டுகிறோம், வேகம் கூடாது’ என்று பதில் வரும். குளம் உச்ச வேகத்தைக் குறைக்கும், மொத்த அளவைக் குறைக்காது. இரண்டு நாள் ஈரமாக இருந்த இடம் பத்து நாள் ஊறிக் கிடந்தால் அங்கே வாழும் செடிகள் மாறிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை வற்றும் குட்டையில் மீன் தங்காது என்பதால்தான் சில தவளைகள் அங்கே முட்டையிடுகின்றன. வற்றாமல் போனால் மீன் வந்துவிடும். தலைகீழாகவும் நடக்கலாம். கூரைத் தண்ணீரையெல்லாம் குழாய் போட்டு வேறு வடிகாலில் சேர்த்துவிட்டால், ஈரநிலம் தாகத்தில் கிடக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி: மாதவாரியாக ஈரநிலத்துக்கு வரும் தண்ணீர் இப்போது எவ்வளவு, கட்டியபின் எவ்வளவு? இந்த அட்டவணை இல்லாத அறிக்கைதான் பெரும்பாலும் கைக்கு வரும்.

இன்னொரு சின்னக் கணக்கு. மனையை 1.5 மீட்டர் உயர்த்துகிறார்கள் என்றால் மண்மேடு செங்குத்தாக நிற்காது. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் மேட்டின் அடி 3 மீட்டர் வெளியே நீளும். ஈரநிலத்தின் ஓரமாக 100 மீட்டர் நீளத்துக்கு அது போனால் 300 சதுர மீட்டர். மேல்தளத்தின் ஓரத்தை மட்டும் அளந்தவர்கள் இதை விட்டிருப்பார்கள். குறுக்குவெட்டுப் படத்தைத் தேடுங்கள்.

படி 6: பள்ளிக்கே உரிய கேள்விகள்

மைதானத்தைப் ‘பசுமைப் பரப்பு’ என்று கணக்கில் சேர்த்திருப்பார்கள். ரோலர் ஓட்டி இறுக்கிய மைதானம் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, பெரும்பாலும் அடியில் வடிகுழாயும் போடுவார்கள், மேலே உரமும் தூவுவார்கள். செயற்கைப் புல்லென்றால் டயர்த் துகள் நிரப்புவார்களா என்று கேளுங்கள். டயரில் சேர்க்கும் ஒரு பொருள் ஓசோனோடு சேர்ந்து உருவாக்கும் 6பிபிடி-குயினோன், கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பேருந்துகள் வரிசை கட்டும் தளத்திலிருந்து வழியும் நீருக்கும் இது பொருந்தும். எங்கும் ஒரே அளவு பாதிப்பு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் அந்த நீர் சுத்திகரிக்கப்படாமல் ஈரநிலத்தில் விழுகிறதா என்று கேட்க இது போதும்.

இரவு விளையாட்டு விளக்குகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? விடுதி உண்டா, உண்டென்றால் கழிவுநீர் செப்டிக் டேங்குக்கா, பாதாளச் சாக்கடைக்கா? உயர்ந்த நிலத்தடி நீருள்ள மண்ணில் செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி ஒழுங்காக வேலை செய்யாது. மண் துளைப் பதிவில் நீர்மட்டம் எந்த ஆழம் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். அடுத்தகட்ட விரிவாக்கம் வரைபடத்தில் புள்ளிக்கோடாக எங்காவது ஒளிந்திருக்கும். இரண்டு கட்டங்களையும் சேர்த்தே பாதிப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

கல்வியாண்டுத் தொடக்கம் என்ற கெடுவும் இருக்கிறது. அந்தத் தேதிக்குள் திறந்தாக வேண்டும் என்பதால் மண்வேலை மழைக்காலத்தில் போய் விழுவதுண்டு. கட்டுமான அட்டவணையை மழை மாதங்களோடு பொருத்திப் பாருங்கள். மூடப்படாத மண் முதல் பெருமழையிலேயே சேறாகி ஈரநிலத்தில் படியும். அஸ்திவாரத்துக்காகப் பம்பு வைத்து நிலத்தடி நீரை இறைத்தால் பக்கத்து ஈரநிலத்தின் மட்டமும் இறங்கும், இறைத்த நீரை எங்கே விடுவார்கள் என்பதும் எழுத்தில் வர வேண்டும். கான்கிரீட் லாரி கழுவும் நீர் கடும் காரம், அதன் பிஎச் 12 வரை போகும். அதற்குத் தனிக் குழி வரைபடத்தில் இருக்கிறதா?

படி 7: ‘வேறு வழியில்லை’ என்பதைச் சோதியுங்கள்

உலகில் பெரும்பாலான விதிமுறைகள் ஒரே வரிசையைத்தான் சொல்கின்றன: முதலில் தவிர், முடியாவிட்டால் குறை, அதுவும் முடியாவிட்டால் ஈடு செய். அறிக்கைகள் முதல் இரண்டையும் ஒரு பத்தியில் தாண்டி மூன்றாவதுக்குக் குதிக்கும். துறைமுகம் தண்ணீர் ஓரத்தில்தான் இருந்தாக வேண்டும், பள்ளிக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. அமெரிக்க விதிகள், நீர்நிலையைச் சாராத இத்தகைய திட்டத்துக்கு ஈரநிலமில்லாத மாற்று இடம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. இல்லையென்று நிரூபிக்க வேண்டியது திட்டக்காரரின் பொறுப்பு.

மாற்று இடங்களின் பட்டியலில் வேண்டுமென்றே தோற்கும்படி பொறுக்கிய இடங்கள் இருக்கலாம். இடம் மாற்ற முடியாது என்றாலும் அதே மனைக்குள் மாற்றலாம்: ஒரு மாடியை மூன்று மாடியாக்கினால் கூரைப் பரப்பு மூன்றில் ஒன்றாகும், வாகனத் தளத்தையும் மைதானத்தையும் இடம் மாற்றினால் வரத்துப் பாதை தப்பலாம். ஈரநிலத்தைச் சுற்றி எத்தனை மீட்டர் இடைவெளி விடுகிறார்கள் என்பதையும் இங்கேயே கேளுங்கள்.

ஈடு என்று வரும்போது ஹெக்டேர் கணக்கு மட்டும் பார்க்காதீர்கள். வேறொரு நீர்ப்பிடிப்பில் வெட்டிய குளம் இங்கே வெள்ளத்தைத் தாங்காது. அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2001இல் இந்த ஈடுசெய்யும் திட்டங்களை ஆராய்ந்து, ஈரநிலங்களின் செயல்பாடுகளில் இழப்பே இல்லை என்ற இலக்கு எட்டப்படவில்லை என்று முடிவு சொன்னது. எங்கே, எப்போது, எத்தனை ஆண்டு கண்காணிப்பு, செத்துப்போனால் யார் செலவு என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பழையதை அழிக்கும் முன் புதியது நிலைபெற்றிருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

படி 8: கருத்தை எழுதுவது

அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு ‘இயற்கையை அழிக்காதீர்கள்’ என்று எழுதினால் ‘கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்று பதில் வரும். பக்க எண், அதில் உள்ள தகவல், அதில் என்ன குறை, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். மாதிரிக்கு:

‘பின்னிணைப்பு 4, பக்கம் 37: மண் துளை 6 ஈரநிலத்துக்கு வெளியே எனக் காட்டப்பட்டுள்ளது. ஆனால் அதன் பதிவில் 25 செ.மீ. ஆழத்தில் 10ஒய்ஆர் 5/1 நிறமும் துருப்புள்ளிகளும் உள்ளன. இத்துளை வெளியே வைக்கப்பட்ட காரணத்தை விளக்கவும். மழைக்காலத்தில் மறு ஆய்வு செய்து எல்லையைத் திருத்தவும்.’

இப்படி ஐந்து கருத்து போதும். ஐம்பது எழுதினால் பலமானவை பலவீனமானவற்றுக்குள் தொலைந்துபோகும். ‘பள்ளி வேண்டும்’ என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், உண்மையாகவே அப்படி நினைத்தால். இல்லாவிட்டால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் யாராவது எழுந்து பிள்ளைகளின் படிப்புக்கு நீங்கள் விரோதி என்று சொல்ல, மண் துளை 6 அத்தோடு மறந்துபோகும். கடைசித் தேதிக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது பின்னர் வழக்கோ மேல்முறையீடோ வரும்போது கைகொடுக்காமல் போகலாம்.

அனுமதி கிடைத்தபின்

அனுமதி ஆணையில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அதன் நகலை எடுத்து, ஈரநிலம் தொடர்பானவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கிய முதல் பெருமழைக்குப் பிறகு பழைய இடத்திலேயே நின்று படமெடுங்கள். சேறு தடுக்கக் கட்டிய துணிவேலியின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா, அல்லது காற்றில் ஆடிக்கொண்டு அடியில் சேறு வழிகிறதா என்பது சாலையிலிருந்தே தெரியும். வழிந்தால், அன்றைய படத்தையும் வேலைக்கு முந்தைய படத்தையும் சேர்த்து, நிபந்தனையின் எண்ணைக் குறிப்பிட்டு, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அன்றே அனுப்புங்கள்.